துரு சுரண்டிய மதியம்
நார்வேக் கரையோரம் கட்டிக்கிடக்கும் பழைய மீன்படகின் அடியறையில், ஏப்ரல் வெயில் ஏணி வழியாக இறங்கி டீசல் டாங்கின்மேல் விழுகிறது. புதுப் பெயிண்ட் அடிப்பதற்காக எய்லிஃப் திருப்புளியால் அதன் துருவைச் சுரண்டுகிறான். திருப்புளி சத்தமே இல்லாமல் டாங்கின் தகட்டைத் துளைத்து உள்ளே போய்விடுகிறது. உருவியதும் டீசல் நூலாக ஒழுகுகிறது, உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறான். மேலே மீன்சூப் கிண்டும் அக்கா குன்வோர் குனிந்து பார்க்கிறாள். "சுரண்டாதடான்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே! இத்தனை வருஷமா அந்தப் பழைய பெயிண்ட்தான்டா டாங்கு." "புதுசு மாத்திடலாம்க்கா." "டாங்கை வச்சுட்டுத்தான் மேல அறையே கட்டியிருக்கு. படகை ரெண்டா அறுக்கப் போறியா? விடிஞ்சா கடலுக்குப் போகணும்." குழாயடியில் இருந்த ஒரே சோப்பை எடுத்து ஏணியிறங்கி வந்து ஓட்டையில் அழுத்தித் தேய்க்கிறாள். முழுச் சோப்பும் தீர்ந்தபோது ஒழுக்கு நிற்கிறது. ஏணியேறியவள் கிண்ணங்களை எடுத்து வைக்கிறாள். "கையைக் கழுவிட்டு சாப்பிட வா." டீசல் சொட்டும் கைகளோடு மேலேறி வந்த எய்லிஃப் குழாயடியில் காலிச் சோப்புத்தட்டின் முன்னால் நிற்கிறான்.