ஒற்றை நீதிபதி

மழை பெய்ததா, நூலகத்து ஏ.சி. ஒழுகியதா என்பது அவளுக்குச் சரியாக நினைவில்லை. நீர் சொட்டும் சத்தம் மட்டும் நிச்சயம். சட்டக் கல்லூரி முதலாண்டின் கடைசித் தேர்வு நாளைக் காலை. தேறாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வா என்று அப்பா சொல்லிவிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு குடித்தனக்காரரின் வீட்டு வழக்குத் தீர்ப்பை ஒப்பிக்கிறாள். ஒரு மாதமாக வரிவரியாக உருப்போட்டது. எதிரே அமர்ந்து கேட்கும், ஒல்லி என்று பட்டப்பெயர் கொண்ட வகுப்புத்தோழன் பேனா மூடியைக் கடிப்பதை நிறுத்துகிறான். "தாயே, இது தீர்ப்பே இல்ல. மூணு ஜட்ஜுல ஒருத்தர் மட்டும் ஒத்துக்காம தனியா எழுதி வச்சது. மத்த ரெண்டு பேரும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க." "இதுதான்டா நியாயமா இருந்துச்சு." "நியாயத்துக்கு மார்க் கிடையாது. முன்னாடி இருக்கிற பக்கங்களைப் பாரு." அவள் புத்தகத்தைப் புரட்டுகிறாள். அங்கே அவள் போட்ட பென்சில் கோடு ஒன்றுகூட இல்லை. தாள்கள் கை படாமல் விறைத்திருக்கின்றன. பென்சிலை அழுத்துகிறாள், முனை ஒடிகிறது. சீவுகிறாள், மறுபடியும் ஒடிகிறது. ஒல்லி தன் பென்சிலைத் தள்ளி வைக்கிறான். அவள் அதைத் தொடவில்லை.

மறுநாள் அந்த இரண்டு நீதிபதிகளின் தீர்ப்பை எழுதி அவள் தேறினாள். ஒல்லி தேர்வில் தோற்று, அண்ணனின் டைல்ஸ் கடைக்குப் போய்விட்டான். குடித்தனக்காரர் என்றைக்கோ வீட்டைக் காலி செய்திருந்தார்.