நடு சைஸ் கிடார்

பர் துபாய் இசைக்கருவிக் கடையில் ஜிபின் நான்காவது கிடாரை இறக்கி வைத்தான். வாங்க வந்திருந்த பெர்க்மான்ஸ் தூத்துக்குடிக்காரர், அல் குசைஸில் ஃபிட்டர்.

“இதுவும் பெருசு தம்பி. லேபர் கேம்ப் கட்டில்ல உக்காந்து வாசிக்கணும். சர்ச் கொயருக்கும் ஆகணும், தனியா மீட்டவும் நல்லாருக்கணும்.”

“அப்போ இந்த நடு சைஸ் எடுங்கண்ணே. உங்க பட்ஜெட்டுக்குள்ள வரும். ஓரம் வளைச்சு வெட்டின மாடலும் இதே விலைதான்.”

“வெட்டினது வேண்டாம். ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கட்டும். கம்பியைத் தலைகீழா மாத்திக் கட்டிக் குடுங்க.”

“இடது கைப் பழக்கமாண்ணே?”

“இல்ல. விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து எல்லாரையும் போலத்தான் வாசிக்கேன்.”

“அப்புறம் எதுக்கு மாத்தணும்?”

பெர்க்மான்ஸ் பாக்கெட்டிலிருந்த இடது கையை எடுத்து மேசைமேல் வைத்தார். கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டுமே இருந்தன.

“போன வருஷம் மெஷின்ல போயிட்டு. இதால இனி கம்பியை அமுக்க முடியாது. கட்டை விரல் இருக்குல்லா, மீட்டிக்கிடலாம்.”

ஜிபின் கம்பிகளைக் கழற்றி, மாற்றிக் கட்டிக் கொடுத்தான்.

பெர்க்மான்ஸ் கிடாரைத் திருப்பிப் பிடித்து, வலது கை விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பிமேல் பதித்து மீட்டினார். கரகரவென்று வந்தது.

“பரவால்ல” என்றார். “சின்ன வயசுல பழகும்போதும் இதே சத்தம்தான் வந்துச்சு.”