கழற்றாத பெயர்ப்பலகை

அரிசோனா வெயில், பேஸ்பால் அணியின் உடைமாற்றும் அறைக்குள் நீளமாக விழுந்து கிடக்கிறது. மேலாளரைப் பார்த்துவிட்டு வந்த ரமிரோ, தன் அலமாரி முன் உட்கார்ந்து காலணி முடிச்சை அவிழ்க்கிறான். "என்னடா சொன்னாரு?" என்கிறான் பக்கத்து அலமாரிக்காரன் கர்டிஸ், பல வருஷமாக ஆடுகிற மூத்த ஆட்டக்காரன். "பந்து பிடிக்கிறது சரியில்லையாம். கீழே இருக்கிற சின்ன லீக்ல போய்ப் பழகணுமாம்." "நீயா? இந்த மாசம் பூரா ஒரு பந்தை விட்டிருப்பியாடா? கொஞ்ச நாள் உன்னைக் கீழ உட்கார வச்சா, இந்த வருஷம் உன் கணக்குல முழு வருஷமாச் சேராது; நீ இஷ்டப்பட்ட டீமுக்குப் போக இன்னொரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இவங்க குடுக்கிறதுதான் சம்பளம்." ரமிரோ கையுறையின் தோலை ஒரே இடத்தில் நீவிக்கொண்டிருக்கிறான். பையைத் தூக்க வந்த பணியாள், கீழே அனுப்பப்படுகிறவர்களுக்குச் செய்கிற வழக்கப்படி, அலமாரியின் பெயர்ப்பலகையைக் கழற்றக் கை வைக்கிறார். பிறகு கையை எடுத்துக்கொள்கிறார். "இருக்கட்டும் தம்பி. மூணு வாரத்துல நான்தானே மறுபடியும் மாட்டணும்."