ஒரு பாட்டுக்கு இரண்டு டிரம்மர்

"கிரிஷ்கிட்ட நீயே சொல்லிடு ஸ்நேகா. நான் சொன்னா அவன் மூஞ்சியைப் பாத்துண்டு நிக்கணும். எனக்கு அதெல்லாம் ஆகாது" என்றான் சேஷன். தேன் கலந்த வெந்நீரைத் தொண்டையில் உருட்டி உருட்டி விழுங்கிக்கொண்டிருந்தான்.

"பேசறதெல்லாம் நான் பாத்துக்கறேன் சேஷண்ணா." பேஸ் கிதாருக்கு ஸ்ருதி சேர்த்துக்கொண்டிருந்த ஸ்நேகா தலையை நிமிர்த்தவில்லை.

சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அந்தக் கரமனைப் பிராக்டீஸ் அறைக்கு மற்றவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. ஓணம் வாரத்தில் சங்குமுகம் கடற்கரை மேடையில் ஒரே ஒரு பாட்டுக்கு இடம் இருந்தது. கேட்டவை இரண்டு ராக் பாண்ட்: சேஷனுடையது ஒன்று, பாறசாலை விபினுடையது ஒன்று. சேர்ந்து பாடுவதானால் பாடுங்கள் என்று நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். ஊரே முணுமுணுக்கிற ஒரு பழைய சினிமாப் பாட்டை எடுத்து, கிதாரும் டிரம்ஸுமாகப் புதுசு பண்ணுவது என்று முடிவாயிற்று.

சேஷனுக்கு அதில் இன்னொரு சௌகரியமும் தெரிந்தது.

"ஒரு பாட்டுக்கு ரெண்டு டிரம்மர் எதுக்கு? விபினோட ஆளு அனூப் உக்காரட்டும். இந்த ஒரு பாட்டுக்குத்தான்னு கிரிஷ்கிட்ட சொல்லு. அப்புறம் எல்லாப் பாட்டுக்கும் அதேதான். மனசிலாச்சா?"

"ஸ்கூல் படிக்கறச்சேலேர்ந்து உங்களோட இருக்கானே அவன். டிரம்ஸை விட்டா அவனுக்கு வேற என்ன இருக்கு?"

"எங்காத்து அம்மியும்தான் அப்போலேர்ந்து இருக்கு. மேடையில ஏத்தறேனா?" சேஷன் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான். "அவன் அடிக்கறது டிரம்ஸா? பப்படம் பொரியற சத்தமாக்கும். எதுக்கெடுத்தாலும் 'சரிண்ணா, சரிண்ணா'. ராக் பாண்ட்ல இருக்கறவனுக்குக் கொஞ்சம் திமிர் வேண்டாமோ?"

பாண்டுக்கு வேண்டிய மொத்தத் திமிரையும் ஒருத்தனே வைத்துக்கொண்டால் மற்றவர்கள் எங்கே போவார்கள்? ஸ்நேகா அடுத்த தந்தியை முறுக்கினாள்.

மழையில் நனைந்து, டிரம்ஸைத் துண்டு துண்டாகத் தோளில் சுமந்துகொண்டு வந்தான் கிரிஷ். "கிள்ளிப்பாலத்துல வண்டியெல்லாம் நின்னு ஒரே பிளாக்குண்ணா."

"நீ எங்க இருக்கயோ அங்கதான் பிளாக்கு" என்றான் சேஷன். பின்னாலேயே விபினும் அனூப்பும் வந்தார்கள்.

பாட்டு ஆரம்பமாயிற்று. பழைய பாட்டு தூங்கி வழியும், நடு நடுவே தான் போடும் அலறலில்தான் அது எழுந்து நிற்கும் என்பது சேஷனின் கட்சி. அவன் வாயைத் திறந்ததும் எதிர்வீட்டு அம்மிணி ஜன்னலைச் சாத்தினாள்.

"எப்படி?" என்றான், முடித்துவிட்டு.

"தொண்டை கிழிஞ்சிருக்கும், கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க அண்ணே" என்றான் விபின். "அதுக்குள்ள நாங்க சுருதியை எறக்கி ஒரு மட்டம் வாசிச்சுப் பாக்கோம்."

"எறக்கினா எனக்குச் சேராதே?"

"அது சாரமில்லண்ணே, பரவாயில்ல. சும்மா பாக்கதுக்குத்தான்."

விபின் ஸ்நேகாவைப் பார்த்தான். ஸ்நேகா கிரிஷைப் பார்த்தாள். கிரிஷ் டிரம்ஸ் ஸ்டூலை விட்டு எழுந்தான். அனூப் போய் அதில் உட்கார்ந்தான்.

சேஷனுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. கெட்டிக்காரி, காதும் காதும் வைத்தாற்போல் காரியத்தை முடித்துவிட்டாள்!

"டேய் கிரிஷ், ஏன் மரம் மாதிரி நிக்கறே? மைக்தான் காலியா இருக்கே, டம்மிக்கு நீ பாடு. எந்த இடத்துல எடுக்கணும்னு அவாளுக்குத் தெரியணுமோல்லியோ?" என்று பெரிய மனசு பண்ணினான்.

"சரிண்ணா."

கிரிஷ் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். அலறவில்லை. பாட்டு பாட்டாகவே இருந்தது. விபினின் கிதார் அதன்மேல் ஏறி விழாமல் கூடவே நடந்து வந்தது.

சேஷன் போனில் தன் போட்டோவுக்கு விழுந்த லைக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே அம்மிணியின் ஜன்னல் திறந்தது. பாவம், உள்ளே புழுக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

பாட்டு முடிந்ததும் ஸ்நேகாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டான்.

"அவன்கிட்ட பேசிட்டே, அல்லே?"

"நேத்தே பேசியாச்சு சேஷண்ணா. எல்லாருமா உக்காந்து."

"நேத்தேயா? நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாலயேவா! விபினும் சரின்னானா?"

"முதல்ல சொன்னதே விபின்தான். நாங்க இத்தனை நாளா சொல்லப் பயந்ததை அவன் பட்டுன்னு சொல்லிட்டான்."

"பாத்தயா, வெளியாளுக்கே தெரியறது! கிரிஷ் என்ன சொன்னான்?"

"அழுதுட்டான்."

"அழுவான், அழுவான். முதுகெலும்பு கிடையாதுன்னு நான் சொல்லலே?" சேஷன் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டான். "போனாப் போறது. மேடைக்கு முன்னால ஒரு நாற்காலி போடச் சொல்றேன். உக்காந்து கேக்கட்டும்."

உள்ளே கிரிஷ் பாட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தான். ஸ்நேகா கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்படியில் நின்றாள்.

"'சேஷண்ணாவைக் கோரஸ்லயாவது சேத்துக்கலாமே'ன்னுதான் அழுதான்."