ஞாயிறு மத்தியான ஊமைப் படம்

“இப்ப அவன் என்ன சொல்லுறான்?” என்று கேட்டாள் யோகராணி.

தொலைக்காட்சியில் பழைய ஹொலிவூட் ஊமைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. நடிகர்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். வசனம் கறுப்பு அட்டையில் ஆங்கிலத்தில் வந்து போனது.

“கப்பலாலை வந்திறங்கின பெண்சாதியைக் கட்டிப்பிடிக்கிறான். உதுக்கும் இங்கிலிஸ் வேணுமே?” என்றான் இரத்தினவேல்.

இரவு முழுக்கத் தொழிற்சாலை, காலையில் உணவகத்தில் கோப்பை கழுவல். கண்கள் தாமாக மூடின. ஆனாலும் கனடாவுக்கு வந்து இரண்டு கிழமையேயான மனைவிக்காக ஒவ்வோர் அட்டைக்கும் விழித்துத் தமிழ் சொன்னான்.

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில், அந்தப் பேஸ்மென்ட் வீட்டில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தது இன்றுதான்.

அவளுக்கும் களைப்புத்தான். அவன் கூப்பிடுவான் என்று ஏழு வருஷம் காத்திருந்த களைப்பு. அதோடு, கொழும்பில் காதில் விழுந்த கதை ஒன்றும் அவளோடு விமானமேறி வந்திருந்தது. இரத்தினவேலுக்கு ரொறன்ரோவில் ஒருத்தி இருந்தாளாம்.

கேட்டுவிட வேண்டும். ஆனால் செத்த பாம்பாய் வந்து விழுகிறவனிடம் எப்படித் தொடங்குவது?

படத்தில் கணவன் மனைவியின் காலடியில் விழுந்தான். நெஞ்சில் அடித்துக்கொண்டான். பியானோ ஒப்பாரி வைத்தது.

அட்டை வந்தது.

இரத்தினவேல் அதைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தான்.

“என்னவாம்?”

“நீ இல்லாமல் சாப்பாடும் இறங்கேல்லை, நித்திரையும் வரேல்லை எண்டுறான்.”

“அதுக்கோ உந்தக் கும்பிடு?”

“வெள்ளைக்காரர் அப்பிடித்தானப்பா. எல்லாத்துக்கும் நாடகம்.”

யோகராணி அவன் பக்கம் திரும்பவில்லை.

விசாவுக்குக் காத்திருந்த எல்லோரையும்போல அவளும் கொழும்பு வெள்ளவத்தையில் ஆங்கில வகுப்புக்குப் போனவள். ஒருநாள் திடீரென்று பேசி அவனை அசத்தலாம் என்று சொல்லாமல் வைத்திருந்தாள்.

அட்டையில் சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை. ‘நீ இல்லாத காலத்தில் இன்னொருத்தியோடு வாழ்ந்தேன்’ என்றுதான் இருந்தது.

படத்து மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள். அடுத்த அட்டை வந்தது.

இரத்தினவேல் வாயைத் திறந்தான்.

“பொறுங்கோ, இதை நான் சொல்லுறன்” என்றாள் யோகராணி. திரையைப் பார்த்தபடி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“எனக்கு முதலே தெரியும். அவளின்ரை பேர் என்ன?”

அவனுடைய நித்திரை பறந்தது. அட்டையைப் பார்த்தான்.

அதில் ‘எனக்கு முதலே தெரியும்’ என்று மட்டும்தான் இருந்தது.