கறுப்புக் கரை போட்ட தாள்

ரோடோப்பி மலை ஹோட்டலுக்கு வந்து ஒரு மாதமே ஆன மேலாளர் கலோயன், வாசல் கேட்டுக்கு ஓடிவந்தான். அங்கே பசை டப்பாவும் பிரஷுமாக நின்றிருந்தாள் ஊர்க்காரி ராட்கா. அவள் கக்கத்தில் சுருட்டிய தாள், கறுப்புக் கரை போட்டது.

"அக்கா, மறுபடியும் சாவு நோட்டீஸா? நேத்து ஊர்க்கூட்டத்துல என்ன பேசினோம்?"

"செத்தவங்க வீட்டு வாசல்ல மட்டும்தான் ஒட்டணும்னு பேசினோம். நானும்தான் கை தூக்கினேன்."

"அதுக்காகத்தானே சர்ச்சுக்குக் கூரை போட்டுத் தர்றோம்னு கம்பெனி ஒத்துக்கிச்சு? தங்க வர்றவங்க இதைப் பார்த்தா பயந்துட மாட்டாங்களா?"

"கத்தாதே தம்பி. இந்த முனையைக் கொஞ்சம் பிடி."

"நான் எதுக்குப் பிடிக்கணும்? செத்தவர் வீட்டுக்குப் போய் ஒட்டுங்க!"

"அவன் வீட்டு வாசல்லதான் நிக்கிறேன்."

ராட்கா தாளை விரித்தாள். மண்வெட்டியோடு சிரிக்கும் ஒருவரின் படம். கீழே, 'ஸ்டாமென், மறைந்த நாற்பதாம் நாள்.'

"உங்க தோட்டக்காரன். நீ வர்றதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி போயிட்டான். சொந்தம்னு யாருமில்ல. பதினோரு வருஷமா இந்த ஹோட்டல் பின்கட்டு அறையிலதான் இருந்தான்."

கலோயன் படித்தான். 'துயருறும் குடும்பத்தார்' என்பதற்குக் கீழே காலியாக இருந்தது.

"இங்கே பேரே போடலையே, அக்கா?"

"அதை நாங்க எப்படி எழுதறது?"

அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த இடத்தில் ஹோட்டலின் பெயரை எழுதினான். பிறகு தாளின் முனையைப் பிடித்துக்கொண்டான்.