சுவரில் ஒரு சாட்சி

இன்ஸ்பெக்டர் ஓவிய ரசனை வகுப்பில் சேர்ந்ததிலிருந்து ஸ்டேஷனில் காலண்டரைக்கூட யாரும் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. “நிழல் எந்தப் பக்கம் விழுது, சொல்லு” என்று பிடித்துக்கொள்வார்.

மர வியாபாரியின் மனைவியைச் சில நாளாகக் காணவில்லை. புகார் கொடுத்தது வியாபாரி இல்லை, அவருடைய மச்சான். அது உறுத்தவே இன்ஸ்பெக்டர் ஏட்டோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“சின்னச் சண்டை சார். கோவிச்சுக்கிட்டு எங்கேயோ போயிருக்கா. வந்துடுவா.”

“போட்டோ இருக்கா?”

“உள்ள இருக்கு, எடுத்துட்டு…”

“எதுக்கு? அதான் சுவத்துல ஆளுயரத்துக்கு மாட்டி வச்சிருக்கீங்களே!”

கூடத்துச் சுவரில் பெரிய தைல வண்ண ஓவியம். நீலப் பட்டு, முத்துமாலை, நாற்காலி முதுகில் ஊன்றிய கை. ராணி மாதிரி நின்றாள் அந்தப் பெண்.

வியாபாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இன்ஸ்பெக்டர் கையமர்த்திவிட்டுப் படத்தை நெருங்கினார். ஏட்டு கொட்டாவியை விழுங்கினார்.

“உதடு சிரிக்குது, கண்ணு சிரிக்கல. கவனிச்சீங்களா? கையும் சும்மா வைக்கல; விரல் வெளுக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடிச்சிருக்காங்க. வரையும்போது யாரோ எதிர்ல நின்னிருக்காங்க. அந்த ஆளைப் பார்த்துத்தான் இந்தப் பயம்.” சட்டென்று திரும்பினார். “யாரு நின்னது?”

வியாபாரிக்கு வியர்த்துக் கொட்டியது. “நான்தான்.”

“இவங்களுக்கு என்ன ஆச்சுன்னு நீங்க சொல்றீங்களா, படத்தையே சொல்லச் சொல்லட்டுமா?”

ஏட்டுக்குச் சிரிப்பு முட்டியது. வியாபாரியோ வெட்டிய மரமாக சோபாவில் சாய்ந்தார்.

“தினம் தினம் இந்தக் கண்ணு என்னைக் கேக்குது சார். இனி முடியாது. நான்தான்… ஏரியில, படகுலேருந்து தள்ளிவிட்டேன்.”

இன்ஸ்பெக்டருக்கே தூக்கிவாரிப் போட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

“ஏட்டு, விலங்கை மாட்டுங்க. ஏரியில முங்கித் தேட ஆள் அனுப்பச் சொல்லுங்க!”

வாசலில் கார் வந்து நின்றது. கையில் பெட்டியோடு பருமனான ஒரு பெண் விறுவிறுவென்று உள்ளே நுழைந்தாள்.

“சிநேகிதி வீட்டுல போனை அணைச்சுப் போட்டுட்டு நாலு நாள் நிம்மதியா இருக்கக் கூடாதா? அதுக்குள்ள போலீஸா? ஐயையோ, எதுக்கு இவருக்கு விலங்கு?”

“நீங்க யாரும்மா?”

“நல்லாயிருக்கே! இவரோட பெண்டாட்டி.”

இன்ஸ்பெக்டரின் விரல் தானாகச் சுவரை நோக்கி உயர்ந்தது. “அப்ப… இவங்க?”

“மூத்த சம்சாரம். ஏரியில படகு கவிழ்ந்து செத்துட்டாங்கன்னு சொல்லித்தானே இவர் என்னைக் கட்டிக்கிட்டாரு!”